மெய்ப்பு

ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற மின்னஞ்சல்
செவ்வாய்க்கிழமை வந்தது.
கிண்டி ரயிலடியில் நின்றபடியே படித்தேன்,
இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு.
புதன்கிழமை பில் வந்தது:
இரண்டாயிரத்து நானூறு யூரோ, வரி தனி.

உதவித்தொகை நின்று ஏழு மாதம்.
வேளச்சேரி அறைக்குப் பாதி வாடகைதான் கொடுத்திருக்கிறேன்.
அறைத்தோழன் ஒன்றும் கேட்பதில்லை.
நான் ஃபேன் போட்டால் மட்டும்
ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான்.

கணக்குப் பிரிவில் ஜெயவேலு சார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.
'எழுதினா அவங்கதானே தம்பி உனக்குக் காசு தரணும்?
எங்க மாமா வாரப் பத்திரிகைக்குத் துணுக்கு எழுதிப்
பத்து ரூபா மணியார்டர் வாங்கினாரு.'
பிறகு பதிவேட்டைப் புரட்டி
'இதுக்குத் தலைப்பு இல்லியே' என்றார்.
பீக்கர் வாங்கத் தலைப்பு உண்டு, பயணப்படிக்கு உண்டு.
கண்டுபிடித்ததைச் சொல்வதற்கு இல்லை.

ஃப்ளாரன்ஸ் மேடம் ஞாயிறுதோறும்
இதே பதிப்பகத்துக்கு யார் யாரோ எழுதிய கட்டுரைகளைச்
சும்மாவே மதிப்பிட்டுத் தருகிறார்,
பதினோரு ஆண்டாக.
எனக்காகச் சலுகை கேட்டு எழுதினார்.
நாற்பது நிமிடத்தில் பதில்:
உங்கள் நாடு பட்டியலில் இல்லை.
'ஏழைன்னு சொல்லவும் மார்க் பத்தலை' என்று சிரித்தார்.

கட்டணம் இல்லாத வழியும் இருக்கிறது.
கட்டுரை வெளிவரும், பூட்டோடு.
திறந்து பார்க்க முப்பத்தெட்டு டாலர்.
எழுதியவன் கட்ட வேண்டும்,
இல்லையென்றால் படிப்பவன்.
நடுவில் இருப்பவன் கையில் மட்டும் ஈரம் படுவதில்லை.

எண்ணூர்க் கழிமுகத்தில் நண்டு தடவும் ஏகவல்லியிடம்
இதையெல்லாம் சொன்னேன்.
இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கேட்டாள்.
'காசிமேட்டுல ஏலக்காரன் நூத்துக்கு அஞ்சு எடுக்கறான்.
எடுத்துனு போவட்டும்.
மீதி தொண்ணூத்தஞ்சு என் கைக்கு வருதில்ல?
உனுக்கு இன்னா வருது?'
பேர் வரும் என்றேன்.
'பேரா' என்றாள்.
மறுபடி குனிந்துகொண்டாள்.

நேற்றிரவு ஜெர்மனியிலிருந்து ஒரு சீனியர்.
அவருடைய பல்கலைக்கழகத்துக்கும் பதிப்பகத்துக்கும் ஒப்பந்தமாம்.
தொடர்பு ஆசிரியர் என்ற இடத்தில்
தன் பெயரைப் போட்டால் போதும், ஒரு பைசா வேண்டாம்.
நல்ல மனிதர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.
அந்தச் சேற்றில் அவர் கால் வைத்ததில்லை.
கொதிப்போடு மெய்ப்பைத் திறந்தேன்,
என் பெயர் என் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க.

இருந்தது.

பன்னிரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், நன்றியுரை.
நிதி தந்த துறை. நுண்ணோக்கி தந்த ஆய்வகம்.
'மாதிரிகள் சேகரிக்க உதவிய உள்ளூர் மீனவர்கள்.'

பதினெட்டு மாதம். இருநூற்றுப் பதினாறு நண்டுகள்.
'இந்த மூலைல ஓடு மெல்லிசா இருக்குது, பாரு'
என்று அவள் காட்டிய மடையில்தான்
பின்னால் கருவியும் ஈயத்தைக் காட்டியது.
கொடுக்கு கிழித்த கட்டைவிரலுக்கு
என் பையில் கிடந்த பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு
மறுபடி இறங்கினாள்.
அந்த நன்றியுரையை எழுதியவன் நான்.
அதற்கு எந்த ஒப்பந்தமும் தேவைப்படவில்லை.

கட்டணத்தை யார் செலுத்துகிறார் என்ற கேள்விக்குக் கீழே
நான்கு வட்டங்கள்:
ஆசிரியர், நிறுவனம், நிதி நல்குநர், பிறர்.
எதையும் இன்னும் தொடவில்லை.
வெள்ளிக்கிழமை வரை தவணை இருக்கிறது.

இந்நிலையில் எழுத்துப்பிழைகளை மட்டுமே திருத்தலாம்
என்று மேலே சிவப்பில் எச்சரித்திருந்தார்கள்.
எழுதினேன்:

பக்கம் 12, வரி 31.
'உள்ளூர் மீனவர்கள்' என்பது எழுத்துப்பிழை.
ஏகவல்லி, காட்டுக்குப்பம்
என்று வாசிக்கவும்.